கோதாவும் கூண்டும்



உலகிலேயே வலிமை மிக்கவன் யார் என்னும் வினா மிகப் பழையது. ஊர்த் திருவிழாவிலே இளவட்டக்கல் தூக்கியவனைச் சூழ்ந்து நின்றவர்களும் இதைக் கேட்டார்கள். இன்று ஆயிரக்கணக்கானோர் கூடும் அரங்குகளிலே பெரும்பொருள் கொடுத்து நுழைபவர்களும் இதையே கேட்கிறார்கள். ஆனால் இவ்வினாவோடு ஒட்டிப் பிறந்த மற்றொரு வினா உண்டு. அதைக் கேட்பவர் மிகச் சிலர். 'எந்த விதியின்படி வலிமை மிக்கவன்?' என்பதே அவ்வினா. பஞ்சாபிய வழியில் வந்த கனடா நாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கையை இரண்டாம் வினாவோடு சேர்த்து நோக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம். அவர் பெயர் அர்ஜன் சிங் புல்லார். கலப்புத் தற்காப்புக் கலை என்று வழங்கும் போர்விளையாட்டிலே, பார எடைப் பிரிவிலே, 2021ஆம் ஆண்டில் உலகப் பட்டம் ஒன்றை வென்றவர் அவர்.

கலப்புத் தற்காப்புக் கலை என்பது யாது? குத்துச்சண்டையிலே கையால் அடிக்கலாம், பிடிக்கலாகாது. மற்போரிலே பிடிக்கலாம், அடிக்கலாகாது. இக்கலப்புப் போரிலோ குத்தும், உதையும், பிடியும், வீழ்த்தலும், மூட்டுப் பூட்டும் எல்லாம் சேர்ந்திருக்கும். பொதுவாகக் கம்பி வலையால் எட்டுப் பக்கமும் அல்லது வட்டமாகவும் அடைத்த கூண்டினுள் இது நிகழும். ஐந்து நிமிடம் கொண்டது ஒரு சுற்று. தோல்வியை ஒப்புக்கொள்பவன் கையால் எதிரியின் உடலையோ தரையையோ தட்டிவிட்டால் போர் நின்றுவிடும். ஏறத்தாழ 93 கிலோகிராமுக்கு மேல் 120 கிலோகிராம் வரை எடையுள்ளோர் அமெரிக்கப் போட்டிகளிலே பார எடைப் பிரிவினர் எனப்படுவர்.

வவுனியா நகரை அடுத்த நெளுக்குளத்திலும், அது போன்ற பிற வன்னிக் கிராமங்களிலும், இளைஞர்கள் இத்தகைய போர்களைக் கைத்தொலைபேசியின் சிறு திரையிலே காண்கிறார்கள். கண்டு வியக்கிறார்கள். பெரியவர்களோ அதே திரையை எட்டிப் பார்த்து, 'இதுவும் ஒரு விளையாட்டா?' என்று முகம் சுளிக்கிறார்கள். இரு சாராருக்கும் நியாயம் உண்டு. ஆயினும் வியப்பும் வெறுப்பும் ஒரு பொருளை விளக்கமாட்டா. அதன் வரலாறே விளக்கும்.

தமிழருக்கு மற்போர் புதியதன்று. மல் என்றால் வலிமை. மல்லன் என்றால் மற்போர் வீரன். ஏழாம் நூற்றாண்டிலே காஞ்சியில் இருந்து ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் விருதுப் பெயரைப் பெருமையோடு தாங்கினான். மாமல்லபுரம் அப்பெயரை இன்றும் சுமந்து நிற்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே, போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனோடு பொருத செய்தியைச் சாத்தந்தையார் என்னும் புலவர் புறநானூற்றிலே பாடிவைத்தார். அந்த மற்போரை அவர் காட்டும் விதம் நம் கவனத்துக்குரியது. வென்றவனின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மற்றைக் கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப் புறத்தே வளைகிறது. கைவலியை மட்டும் பாடாமல், கால்கள் செய்யும் வேலையையும் புலவர் கண்டிருக்கிறார். சோழனின் தந்தையாகிய தித்தன் இக்காட்சியைக் காணவேண்டும் என்னும் விருப்பமும் அப்பாட்டிலே உண்டு. தந்தையும் மகனும் மற்போரும் ஒன்றாய் இணைந்த இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொள்வோம். புல்லாரின் கதைக்கும் இது பொருந்தும்.

புல்லாரின் கதைக்கு முன்னுரையாக அமைவது மற்றொரு பஞ்சாபியரின் கதை. அவர் காமா பயில்வான். குலாம் முகம்மது என்பது அவர் இயற்பெயர். மண் பதப்படுத்திய கோதாவிலே, ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்து, கரலாக்கட்டை சுழற்றி உரம் பெற்ற உடம்பு அவருடையது. 1910ஆம் ஆண்டிலே சரத் குமார் மித்ரா என்னும் வங்காளச் செல்வரின் ஆதரவோடு, தம் தம்பி இமாம் பக்சுடன் அவர் இலண்டன் மாநகர் சென்றார். அங்கே அவருக்கு உயரம் போதாதென்று போட்டியிற் சேர்க்க மறுத்தார்கள். எந்த எடையினராயினும் மூன்று மல்லர்களை முப்பது நிமிடத்துக்குள் வீழ்த்திக் காட்டுவேன் என்று காமா பகிரங்கமாக அறைகூவினார். அதன் பின்னரே கதவு திறந்தது. அமெரிக்கரான டாக்டர் பெஞ்சமின் ரோலரை அவர் எளிதில் வென்றார். பின்பு போலந்து நாட்டுப் பெருமல்லர் ஸ்தானிஸ்லாவ் ஸ்பிஸ்கோ எதிர்வந்தார்.

1910 செப்டெம்பர் 10ஆம் நாள் நடந்த அப்போட்டி மற்போர் வரலாற்றிலேயே விசித்திரமானது. தொடக்கத்திலேயே கீழே விழுந்த ஸ்பிஸ்கோ, வயிறு தரையிற் படியக் கவிழ்ந்து கிடந்துவிட்டார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக அவர் பெரும்பாலும் எழவில்லை. முதுகு தரையில் படாதவரை தோல்வியில்லை என்பது விதி. கவிழ்ந்து கிடப்பவனைத் தோற்றவன் என்று சொல்ல விதியில்லை. காமா இழுத்தார், புரட்டினார், தூக்க முயன்றார், பயனில்லை. போட்டி முடிவின்றி நின்றது. ஒருவாரம் கழித்து மீண்டும் பொருதுவதாக ஏற்பாடு. குறித்த நாளிலே ஸ்பிஸ்கோ அரங்குக்கு வரவில்லை. காமாவுக்கே வெற்றி வழங்கப்பட்டது.

பதினேழு ஆண்டுகளின் பின், 1928 ஜனவரியிலே, பட்டியாலா சமஸ்தானத்திலே அவ்விருவரும் மீண்டும் எதிர்நின்றார்கள். இம்முறை காமா ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோவை மல்லாத்திவிட்டார். அதே இருவர், அதே பிடிகள், களமும் வழக்கமும் வேறு. முன்னது கவிழ்ந்து கிடந்து காலங்கடத்த இடங்கொடுத்த மேலைநாட்டு அரங்கு. பின்னது காமா பிறந்து வளர்ந்த மரபின் களம். விதியும் களமும் மாறியபோது இரண்டரை மணி நேரம் ஒரு நிமிடமாய்ச் சுருங்கிற்று.

காமாவின் பின் வந்த தலைமுறையிலே மற்போர் காட்சிப்பொருளாகவும் மாறிற்று. தாராசிங், கிங்கொங் என்னும் பெயர்களை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மெலிந்த ஒருவன் மார்பை நிமிர்த்தி நடந்தால், 'இவர் பெரிய தாராசிங்' என்று கேலி பேசும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது அக்காலத்தில்தான். தொழில்முறைக் காட்சி மற்போரிலே முடிவு முன்கூட்டியே பேசிவைக்கப்படுவதுண்டு. அதனால், 'உண்மையாகப் பொருதால் யார் வெல்வார்?' என்னும் ஐயம் மக்கள் மனத்திலே தீராத பசியாய் இருந்தது.

அப்பசிக்கு 1976ஆம் ஆண்டு இருமுறை உணவிட முயன்றது. அவ்வாண்டு ஜூன் 26ஆம் நாள் தோக்கியோ நகரிலே குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியும், யப்பானிய மற்போர் வீரர் அன்டோனியோ இனோகியும் எதிர்நின்றார்கள். பேரம் பேசிப் பேசி விதிகளை நெருக்கியதனால், இனோகி பெரும்பாலும் தரையிற் படுத்தபடியே அலியின் கால்களை உதைத்துக் கொண்டிருந்தார். பதினைந்து சுற்றும் முடிந்து போட்டி சமநிலையாயிற்று. பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்; அலியின் கால்களோ கடுமையாகக் காயமுற்றன. டிசெம்பர் 12ஆம் நாள் கராச்சியிலே அதே இனோகி, இமாம் பக்சின் மகனும் காமாவின் பெறாமகனுமாகிய அக்ரம் பயில்வானோடு பொருதார். அங்கே ஏமாற்றம் இல்லை; துயரம் இருந்தது. கையை முறுக்கிப் பூட்டும் பிடியொன்றிலே அக்ரமின் கை சிக்கிற்று. தோளெலும்பு நிலைகுலைய, போட்டி நின்றது. முதுகை மண்ணிற் படுத்துவதையே வெற்றியின் அடையாளமாகக் கருதி வளர்ந்த குடும்பம், மூட்டை உடைப்பதும் வெற்றியே என்னும் மற்றொரு விதியை அன்று தன் உடம்பாலே கற்றது.

இவ்வினாக்களையெல்லாம் ஒரே அரங்கிலே கூட்டியது 1993 நவம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த போட்டி. அல்டிமேட் பைட்டிங் சாம்பியன்ஷிப், சுருக்கமாக யு.எப்.சி., என்று அதற்குப் பெயர். எடைப் பிரிவு இல்லை. கடித்தலும் கண்ணைத் தோண்டுதலும் தவிரப் பெரும்பாலான தடைகள் இல்லை. அன்றிரவு வென்றவர் மலைபோன்ற உடலினர் அல்லர். ஏறத்தாழ 80 கிலோகிராம் எடையுள்ள பிரேசில் நாட்டு ரொய்ஸ் கிரேசி. யப்பானிய யூடோ வீரரான மித்சுயோ மயேடா 1914இல் பிரேசில் சென்று விதைத்த கலை, அக்குடும்பத்தாரிடம் தரைப்பிடிகளின் கலையாக வளர்ந்திருந்தது. கீழே கிடப்பவன் தோற்றவன் அல்லன் என்பதை உலகுக்கு அன்று கிரேசி காட்டினார்.

ஆனால் எதிர்ப்பும் எழுந்தது. அமெரிக்க மேலவை உறுப்பினர் ஜோன் மக்கெயின் இதனை மனிதச் சேவற்சண்டை என்று கண்டித்தார். பல மாநிலங்கள் தடைவிதித்தன. தடையினால் நலிந்த இவ்விளையாட்டு, தன்னைத் திருத்திக்கொண்டே பிழைத்தது. எடைப் பிரிவுகள் வந்தன, கையுறை வந்தது, பிடரியில் அடித்தல் முதலியன விலக்கப்பட்டன. 2000, 2001ஆம் ஆண்டுகளில் நியூ ஜேர்சி மாநிலத்தில் உருவான பொதுவிதிகள் பிற இடங்களுக்கும் பரவின. விதியற்ற போர் என்ற விளம்பரத்தோடு பிறந்த விளையாட்டு, விதியை ஏற்றபின்னரே வளர்ந்தது.

இனி அர்ஜன் சிங் புல்லாருக்கு வருவோம். அவர் 1986ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் கனடாவின் மேலைக்கரை மாகாணமாகிய பிரிட்டிஷ் கொலம்பியாவிலே சீக்கியக் குடும்பம் ஒன்றிலே பிறந்தார். அக்கரைக்கும் பஞ்சாபியருக்கும் உள்ள தொடர்பு கசப்போடு தொடங்கியது. 1914ஆம் ஆண்டிலே கோமகாட்டா மாரு என்னும் கப்பல் 376 பயணிகளோடு வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பெரும்பாலோர் பஞ்சாபியச் சீக்கியர். இரண்டு மாதம் கடலிலேயே காத்துக் கிடந்தார்கள். மிகச் சிலரைத் தவிர மற்றெல்லோரையும் கனடா திருப்பி அனுப்பியது. 1947 வரை அம்மாகாணத்திலே இந்தியருக்கு வாக்குரிமை இருக்கவில்லை. அக்கொடுமைக்காகக் கனடாவின் பிரதமர் 2016ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். புல்லார் பிறந்த அதே 1986ஆம் ஆண்டு ஆகஸ்டிலே, கனடாவின் கீழைக்கரையாகிய நியூபவுண்ட்லாந்தின் அருகே, சிறு படகுகளிலே தத்தளித்த 155 இலங்கைத் தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். ஆகவே அந்நியக் கரையிலே தலைநிமிர்தல் என்பதன் பொருளை வன்னி மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

அர்ஜனின் தந்தை அவதார் சிங் தாமே மல்லர். பஞ்சாபிலிருந்து அவர் கொண்டுசென்ற சொத்து குஸ்தி. மகனுக்குச் சிறு வயதிலேயே அதைக் கற்பித்தார். பின்பு அர்ஜன் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்திலே பயின்று, ஒலிம்பிக் முறைச் சுதந்திர மற்போரிலே தேர்ந்தார். மண்ணுக்குப் பதில் மெத்தை. மல்லாத்துவதோடு புள்ளிக்கணக்கும் உண்டு. இதுவே அவர் ஏற்ற முதல் விதிமாற்றம். 2010ஆம் ஆண்டு ஒக்டோபரிலே டில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளிலே, 120 கிலோகிராம் பிரிவிலே, அவர் கனடாவுக்காகத் தங்கப் பதக்கம் வென்றார். இறுதிப் போட்டியிலே அவரிடம் தோற்றவர் இந்திய வீரர். தந்தையின் தாய்நாட்டுத் தலைநகரிலே, தந்தை கற்பித்த கலையாலே, தான் பிறந்த நாட்டுக்காக வென்ற வெற்றி அது. தித்தன் காணவேண்டும் என்று ஏங்கிய புலவருக்கு இக்காட்சி விளங்கியிருக்கும்.

2012ஆம் ஆண்டிலே இலண்டன் ஒலிம்பிக்கிலே கனடாவின் சார்பில் அவர் களமிறங்கினார். இந்திய வழியினர் ஒருவர் சுதந்திர மற்போரிலே கனடாவுக்காக ஒலிம்பிக் களம் கண்டது அதுவே முதன்முறை. காமாவுக்கு முதலிற் கதவடைத்த அதே நகரம் அது. ஆயினும் பதக்கம் கிட்டவில்லை. அடுத்த ஆண்டு, 2013 பெப்ரவரியிலே, ஒலிம்பிக் நிறைவேற்றுக் குழு மற்போரையே விளையாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கும்படி பரிந்துரைத்தது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பினால் செப்டெம்பரிலே அது மீண்டும் இடம்பெற்றது. மல்லனின் வாழ்க்கை எத்துணை நிலையற்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. குத்துச்சண்டை வீரனுக்குத் தொழிலரங்கு உண்டு. காற்பந்தாட்ட வீரனுக்குக் கழகம் உண்டு. உண்மையான மற்போரிலே தேர்ந்தவனுக்குப் பதக்கத்துக்குப் பின் பிழைப்பு இல்லை. கலப்புப் போர் அரங்கோ அவனுக்கு ஊதியம் தருவதாய் அழைத்தது. 2014ஆம் ஆண்டு நவம்பரிலே புல்லார் அவ்வரங்கிற் புகுந்தார். அப்போது அவருக்கு வயது 28. குத்தவும், குத்தைத் தடுக்கவும் புதிதாகவே கற்கவேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரிலுள்ள பேர்பெற்ற பயிற்சிக் கூடத்திலும் அவர் பயின்றார்.

ஆறு போர்களிலே தோல்வி காணாத அவரை யு.எப்.சி. நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 2017 செப்டெம்பர் 9ஆம் நாள் கனடாவின் எட்மன்டன் நகரிலே முதற்போர். கூண்டை நோக்கி நடக்கையிலே அவர் தலைப்பாகை அணிந்து வந்தார். அந்நிறுவனத்தின் அரங்கிலே அவ்வாறு வந்த முதல் வீரர் அவரே. கூண்டினுள் அதை அணிந்து பொர இயலாது, வாயில்வரை அணிந்தார். கோமகாட்டா மாருவில் வந்தவர்களைத் துறைமுகத்திலேயே தடுத்த நாட்டிலே, நூற்று மூன்று ஆண்டுகளின் பின், அத்தலைப்பாகைக்குக் கரவொலி எழுந்தது. அன்று அவர் நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பால் வென்றார்.

ஆனால் கூண்டு அவருக்கு ஒரு பாடத்தை வைத்திருந்தது. 2018 ஏப்ரல் 14ஆம் நாள் அமெரிக்காவின் கிளென்டேல் நகரிலே, போலந்து நாட்டவரான ஆடம் வியெச்சோரெக் எதிர்த்து நின்றார். இரண்டாம் சுற்றிலே புல்லார் அவரைக் கீழே வீழ்த்தி மேலே நின்றார். குஸ்தியின் கண்ணுக்கு வெற்றி அண்மையில் இருந்தது. கீழே கிடந்தவரோ தம் கால்களை வளைத்துப் புல்லாரின் கையையும் தோளையும் பூட்டினார். ஒமோபிளாட்டா என்று பிரேசில் நாட்டார் வழங்கும் பிடி அது. யு.எப்.சி. வரலாற்றிலே அப்பிடியால் ஒரு போர் முடிந்தது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான். புல்லார் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். 1910இலே தரையிற் கிடந்து தோல்வியைத் தவிர்த்தவர் ஒரு போலந்து நாட்டார். 2018இலே தரையிற் கிடந்து வெற்றியையே பறித்தவரும் ஒரு போலந்து நாட்டார். பெயர்களின் ஒற்றுமை தற்செயல். ஆனால் விதியின் மாற்றம் தற்செயலன்று. பழைய களத்திலே கீழ்நிலை என்பது தப்பும் வழி. புதிய களத்திலே அது தாக்கும் வழியுமாகும்.

இவ்விடத்திலேதான் புல்லாரின் தகுதியை நாம் மதிக்கவேண்டும். தோற்றவர் தம் குலக்கலையைக் கைவிடவில்லை. அதையே நம்பியும் இருந்துவிடவில்லை. நிமிர்ந்து நின்று குத்தும் முறையை வளர்த்தார். 2018 ஒக்டோபரிலும் 2019 மே மாதத்திலும் நடந்த இரு போர்களிலே வென்றார். பின்னர் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வன் சாம்பியன்ஷிப் என்னும் நிறுவனத்தைச் சேர்ந்தார். இந்திய மக்களின் கண்முன் பொருதவேண்டும் என்னும் ஆவல் அவருக்கிருந்தது; ஆசிய நிறுவனம் அதற்கு ஏற்றதாயிற்று. 2019 ஒக்டோபரிலே தோக்கியோவிலே முதல் வெற்றி. அதன் பின் கொரோனாப் பெருநோய் உலகை முடக்கிற்று. பட்டத்துக்கான போருக்கு அவர் ஒன்றரை ஆண்டு காத்திருந்தார்.

2021ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் ஒளிபரப்பான அப்போர் சிங்கப்பூரில் நிகழ்ந்தது. எதிரி பிராண்டன் வேரா. பிலிப்பைன்ஸ் வழியில் வந்த அமெரிக்கர். 2015 முதல் பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர். புல்லார் எடுத்த எடுப்பிலே பிடிக்கப் பாயவில்லை. முன்னங்கையால் நேர்க்குத்துக்களைச் செலுத்தி எதிரியைத் தளர்த்தினார். எதிரி கைகளைக் கவனித்துக்கொண்டிருந்த வேளையிலே கால்களைப் பற்றி வீழ்த்தினார். இரண்டாம் சுற்று முடிய அரை நிமிடம் இருக்கையிலே, கீழே கிடந்தவரால் இனித் தற்காக்க இயலாதென்று நடுவர் போரை நிறுத்தினார். இந்திய வழியினர் ஒருவர் இவ்விளையாட்டின் பெரிய நிறுவனமொன்றிலே உலகப் பட்டம் வென்றது அதுவே முதன்முறை. கோதாவிலே கற்றதும் கூண்டிலே கற்றதும் அன்று ஒன்றாயின.

கதை இங்கே முடிந்தால் அது வெறும் வெற்றிக்கதை. வரலாறு அங்கே நிற்பதில்லை. பட்டம் வென்ற பின் ஈராண்டுக்கு மேல் புல்லார் பொரவில்லை. ஒப்பந்தம் குறித்த பிணக்கு ஒருபுறம். காயமும் சத்திர சிகிச்சையும் மறுபுறம். இடைக்காலப் பட்டம் என்று ஒன்றை நிறுவனம் ஏற்படுத்தியது. 2022 பெப்ரவரியிலே அதை வென்றவர் ருஷிய நாட்டு அனதோலி மாலிகின். 2023 ஜூன் 23ஆம் நாள் பாங்கொக் நகரின் லும்பினி அரங்கிலே இருவரும் மோதினர். மாலிகினும் மற்போரிலிருந்து வந்தவரே. குத்திலோ மேலும் வலியவர். புல்லாரின் பிடிகள் அவரிடம் செல்லவில்லை. மூன்றாம் சுற்றிலே நடுவர் போரை நிறுத்த, பட்டம் கைமாறியது. அப்போது புல்லாருக்கு வயது 37. அதுவரை பொருத பதின்மூன்று போர்களிலே வெற்றி பதினொன்று, தோல்வி இரண்டு.

அரங்கிலே காணும் விதிகளைத் தவிர, காகிதத்திலே எழுதிய விதிகளும் உண்டு. ஒப்பந்தமும் ஒரு விதியே. யார் எப்போது பொரவேண்டும், எவ்வளவு பெறவேண்டும், வேறு நிறுவனத்துக்குப் போகலாமா என்பனவற்றை அதுவே முடிவுசெய்கிறது. தங்கள் உழைப்புக்கு உரிய கூலி கிடைக்காதவாறு சந்தையை அடைத்துவிட்டது என்று, வீரர்கள் சிலர் யு.எப்.சி. நிறுவனத்தின்மீது 2014ஆம் ஆண்டிலே அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கிட்டார்கள். பத்தாண்டு நடந்த அவ்வழக்கு, 2024ஆம் ஆண்டிலே 37 கோடியே 50 இலட்சம் டொலர் இழப்பீட்டுக்கு இணங்கியதோடு முடிவுக்கு வந்தது. கூண்டினுள் தனித்து நிற்பவன், கூண்டுக்கு வெளியே கூட்டாக நின்றே பயன்பெற்றான்.

உடலின் விதி மற்றொன்று. அது எவராலும் திருத்தமுடியாதது. தலையிலே மீண்டும் மீண்டும் அடிபட்ட குத்துச்சண்டை வீரர்களின் நடையும் பேச்சும் அறிவும் தடுமாறுவதை மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் 1928ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். பட்டியாலாவிலே காமா வென்ற அதே ஆண்டு அது. 2015 டிசெம்பரிலே, வன் சாம்பியன்ஷிப் நிறுவனத்தின் போருக்காக எடையைக் குறைக்க முயன்ற இளம் சீன வீரர் ஒருவர், உடலின் நீர் வற்றி உயிரிழந்தார். அதன் பின்னரே, உடலில் நீர் போதிய அளவு உண்டா என்று சோதித்து எடை பார்க்கும் விதியை அந்நிறுவனம் கொண்டுவந்தது. இவ்விளையாட்டின் நல்ல விதிகளிற் பல, எவரோ ஒருவர் கொடுத்த விலையின்மேல் எழுதப்பட்டவை. உலகை வென்ற காமாவும் தம் கடைசிக் காலத்திலே நோயாலும் பொருள் முடையாலும் வருந்தியே 1960 மே மாதம் லாகூரிலே மறைந்தார்.

அதே லாகூர் நகரிலே, 2022 ஜனவரியிலே, முல்லைத்தீவு மாவட்டத்து இளம்பெண் ஒருவர், கையும் காலும் கொண்டு பொரும் சவாட் என்னும் பிரெஞ்சுக் குத்துச்சண்டையிலே தங்கப் பதக்கம் வென்று திரும்பினார். வன்னி மண் அவரைப் பெருமையோடு வரவேற்றது. ஆகவே இக்கலைகள் நமக்குத் தொலைதூரத்துச் செய்தி அல்ல. நம் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டன. பிள்ளை ஒருநாள், 'நானும் பழகப் போகிறேன்' என்று கேட்பான், கேட்பாள். கூடாதென்று தடுப்பதும், போ என்று விட்டுவிடுவதும் இரண்டுமே எளிது. இரண்டுக்கும் நடுவே பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விகள் உள. கற்பிப்பவர் யார்? அவர் எங்கே பயின்றார்? தட்டினால் பிடியை விடவேண்டும் என்பதை முதல் நாளிலேயே கற்பிக்கிறாரா? தலையில் அடிபட்டவனை எத்தனை நாள் ஓய்விலே வைக்கிறார்? போட்டிக் களத்திலே மருத்துவர் உண்டா? கையொப்பம் இடச் சொல்லும் தாளிலே என்ன எழுதியிருக்கிறது?

நெளுக்குளத்தார்க்கு இதை விளக்க வேறு உவமை தேடவேண்டியதில்லை. மாரியிலே காட்டுவழி பெருகிவரும் நீருக்கு வலிமை உண்டு. குளக்கட்டு இல்லையேல் அவ்வலிமை வயலை அழிக்கும். கட்டும் துருசும் அமைந்தால் அதே நீர் நெல்லாகும். கட்டிலே எங்கே உடைப்புக் காணும் என்று ஊரவர் கூடிப் பார்ப்பது போலவே, இளைஞரின் வலிமைக்கு இடும் விதிகளையும் ஊரவர் கூடிப் பார்க்கவேண்டும்.

அர்ஜன் சிங் புல்லார் தந்தையின் மண்ணிலிருந்து மெத்தைக்கும், மெத்தையிலிருந்து கூண்டுக்கும் சென்றவர். ஒவ்வொரு களத்திலும் புதிய விதியைக் கற்றார், அதனாலே வென்றார். அவ்விதியை அவரினும் நன்கு பயன்படுத்தியவரிடம் தோற்றார். யார் வலியவன் என்று மட்டும் கேட்டால், அவர் ஈராண்டு பட்டம் வைத்திருந்த ஒருவர் என்று விடை முடிந்துவிடும். எந்த விதியின்படி, யார் வகுத்த விதியின்படி, என்ன விலை கொடுத்து என்றும் சேர்த்துக் கேட்டால், அவர் வாழ்க்கை நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடநூலாகும். திரையிலே அடுத்த போரைப் பார்க்கும்போது, அருகிலிருக்கும் இளையவரிடம் அவ்வினாவையும் கேட்டுப் பாருங்கள்.